தொலைந்ததையும் சொல்கிறவள்

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பாசம் அதற்குப் பின்னால் எங்கிருந்தோ வேண்டாவெறுப்பாக வந்து சேரும். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "என்னைப் பத்தி எழுத உனக்கு யாரு பர்மிஷன் கொடுத்தா?" என்று அவளே போன் போட்டுத் திட்டுவாள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடியில். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மதியம் ஒன்றாகச் சாப்பிடலாம் என்று பேசிவைத்துக்கொண்டு, நான் ஒரு போனை முடித்துவிட்டு இறங்கிப் போனால், அவள் பாதி இலையைக் காலி செய்திருப்பாள். மற்றவர்கள் ஒரு மரியாதைக்காவது தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

"கொஞ்சம் வெயிட் பண்ணியிருக்கலாம்ல?"

"எதுக்கு? சோறு வந்துச்சு, சாப்பிட்டேன். நீ வர்றதுக்குள்ள ரெண்டு விஷயம் பேசிட்டோம். அது உனக்குப் போச்சு."

"என்ன விஷயம்?"

"போச்சுன்னு சொன்னேன்ல? ரெண்டு போச்சு. அவ்வளவுதான்."

என்ன விஷயம் என்று கடைசிவரை சொல்ல மாட்டாள். ஆனால் இரண்டு போயிற்று என்பதைச் சொல்லாமலும் இருக்க மாட்டாள். இப்படி ஒருத்தியோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

இந்தக் குணம் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டதா, குணத்துக்குத் தக்க வேலையைத் தேடிப் பிடித்தாளா, எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி, கிடங்குகளில் பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கன்வேயர் பெல்ட்டுகளை இயக்குகிற பெட்டியைத் தயாரித்தது. பெட்டி என்றால் உள்ளே ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஓடுவது கெர்னல். யாரோ பட்டனை அழுத்தியது, மோட்டார் சுற்றியது, சென்சார் ஒரு பார்சலைக் கண்டது, எல்லாம் முதலில் அதற்குத்தான் தெரியும். கெர்னல் பக்கம் முழுக்க அவளுடைய ராஜ்யம். நான் வெளிப்பக்கம். உள்ளே நடப்பதை வாங்கிப் படித்து, மனிதர்களுக்குப் புரிகிற ரிப்போர்ட்டாக்குவது என் நிரலின் வேலை.

உள்ளே நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அதை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் இருவருக்கும் நடுவில் கொஞ்சம் மெமரியை ஒதுக்கியிருந்தாள். அதைத்தான் பஃபர் என்போம். வட்டமான ஒரு கரும்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பக்கம் எழுதிக்கொண்டே சுற்றி வரும். என் பக்கம் படித்து அழித்துக்கொண்டே பின்னால் ஓடும். நான் வேகமாக ஓடும்வரை தொல்லையில்லை. நான் மெதுவானால், அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நான் இன்னும் படிக்காத இடத்தில் முட்டுவாள். அப்போது என்ன செய்வது? எங்கள் சண்டையெல்லாம் அந்த ஓரிடத்தில்தான்.

"பலகையைப் பெருசாக்கு," என்பேன்.

"பெருசாக்குனா நீ இன்னும் மெதுவா வருவே."

"சரி, பழசை அழிச்சிட்டு மேல எழுது."

"பழசை அழிச்சா எது எங்க ஆரம்பிச்சதுன்னே தெரியாது. அப்புறம் எதை வச்சுப் பிரச்சினையைத் தேடுவே?"

"அப்ப கொஞ்சம் நில்லு. நான் படிச்சு முடிச்சதும் எழுது. என்ன குறைஞ்சு போச்சு?"

"கெர்னல் நின்னா மிஷின் நிக்கும் லா. நீ படிக்கறதுக்காக மிஷினைக் காக்க வைக்கணுமா? அதுக்கு வேலை இருக்கு. படிக்கறது உன் பிரச்சினை."

அந்தக் கம்ப்யூட்டருக்கு நான்கு மூளைகள். ஒன்றுக்காக இன்னொன்று ஒரு கணம்கூட நிற்கக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலகை கொடுத்திருந்தாள். நான்கையும் படித்து, நேரத்தைப் பார்த்து வரிசையாக அடுக்குவது யார் தலையில்? என் தலையில். கேட்டால், "அடுக்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்பாள்.

இடமில்லாதபோது என்ன செய்வது என்பதில் அவள் முடிவு இதுதான். புதிய பதிவைத் தூக்கிப் போட்டுவிடு. ஆனால் எத்தனை போட்டாய் என்று எண்ணி வை. இடம் கிடைத்ததும் முதல் வேலையாக, விட்டுப்போன அதே இடத்தில், 'இங்கே இத்தனை பதிவுகள் தொலைந்தன' என்று ஒரு வரி எழுது. அந்த ஒரு வரிக்காக ஒவ்வொரு பலகையிலும் ஒரு மூலையை வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள். என் ரிப்போர்ட்டில் அது சிவப்பில் வரும். படிக்கிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. தொலைப்பதில் அவளுக்கு வெட்கமில்லை. தொலைத்ததை மறைத்தால்தான் பொல்லாத கோபம் வரும்.

ஒரு தடவை என் நிரல் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடியது. படித்ததை நான் டிஸ்கில் எழுதினேன். டிஸ்கில் எழுதுவதும் கெர்னல் வழியாகத்தானே நடக்கிறது? அதையும் அவள் பக்கம் பதிவு செய்தது. அந்தப் பதிவைப் படித்து நான் மறுபடி எழுத, அதற்கு இன்னொரு பதிவு. என்னை நானே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட் சும்மா நின்றுகொண்டிருந்தபோதும் பலகைகள் நிரம்பி வழிந்தன. அவள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மாலையில் பார்த்தால், என் நிரல் செய்யும் எதையும் பதிவு செய்ய வேண்டாம் என்று கெர்னல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அதன் மேலே குறிப்பு: 'இவர் சும்மா புலம்புவார், கண்டுகொள்ளாதே.' ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வயிறு எரிய எரிய.

என் கல்யாண விருந்து கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பத்திரிகையில் ஏழு மணி என்று போட்டிருந்தோம். ஏழு என்றால் எட்டரை என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையான நானே எட்டுக்குத்தான் கிளம்பினேன். இவள் ஏழுக்கு வந்திருக்கிறாள். நாற்காலிகளுக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் உறையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். உறையின் மேல், 'வந்தேன். நீங்கள் இல்லை. சாப்பாடு எனக்குப் போச்சு' என்று எழுதியிருந்தது. என் மனைவி இன்றுவரை அந்த உறையை மன்னிக்கவில்லை. இவள் பேச்சை எடுத்தாலே அடுப்படியில் பாத்திரச் சத்தம் கூடும்.

ஒரே ஒரு நாள் எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவள் அப்பா காலமாகியிருந்தார். அடக்கம் முடிந்த சில நாட்களில் வேலைக்கு வந்துவிட்டாள். மீட்டிங்கில் எல்லோரும் அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கையைத் தூக்கினாள்.

"சாரி. இவ்வளவு நேரம் நீங்க பேசினது எதுவும் எனக்கு ஏறல. அப்பா ஞாபகம் வந்திருச்சு. மறுபடி சொல்றீங்களா?"

நாமெல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, அப்புறம் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுச் சமாளிக்கிறவர்கள். அன்று நான்தான் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்குத் திரும்பச் சொன்னேன்.

இனி பாஸ். எங்கள் மேலாளர். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை, அது வேறு காரணத்துக்காக. அந்தச் சிவப்பு வரி அவருக்குக் கண்ணில் விழுந்த தூசு. ஷா ஆலத்தில் ஒரு பெரிய கிடங்கு எங்கள் பெட்டிகளை வாங்கியிருந்தது. அவர்களுக்கு ரிப்போர்ட் போகும் போதெல்லாம் எங்கள் மேசைக்கு வந்து நிற்பார்.

"இத கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பான்?"

"தொலைஞ்சிருக்குன்னு நினைப்பான்," என்பாள்.

"அதைத்தான் சொல்றேன் லா! நல்லாவா இருக்கு? மத்த கம்பெனி ரிப்போர்ட்டைப் பாரு, எவ்வளவு கிளீனா இருக்கு."

"அவங்களும் தொலைக்கிறாங்க பாஸ். வெளிய சொல்லல, அவ்வளவுதான்."

அவள் பஃபரில் இன்னொரு வசதியும் இருந்தது. ஆபீஸ் மேசையில் வைத்துச் சோதிக்கும்போது ஒரு பதிவுகூடத் தொலையக் கூடாது என்ற தேவைக்காக அவளே எழுதியது. அதை ஆன் செய்தால், பலகையில் இடம் கிடைக்கும்வரை கெர்னல் நிற்கும். 'ஓடும் பெல்ட்டில் போடாதே' என்று மேலேயே எழுதியும் வைத்திருந்தாள். பாஸ் ஒருநாள் ஷா ஆலம் போய்த் தன் கையாலேயே அதை ஆன் செய்துவிட்டு வந்தார். எங்களிடம் மூச்சு விடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த கிடங்கு டெக்னீஷியன், எல்லாம் நடந்து முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

சிவப்பு வரி நின்றுபோனது. பாஸுக்கு வாயெல்லாம் பல். ரிப்போர்ட் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மிஷினையே காக்க வைக்கிற முட்டாள்தனம் எங்கள் தொழிலில் மட்டும்தான் நடக்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், பார்சல்கள் மலையாகக் குவிகிற நேரம். ஒரு பெரிய பார்சல் பெல்ட்டில் குறுக்காகச் சாய்ந்து சிக்கிக்கொண்டது. பின்னால் வந்தவையெல்லாம் அதன் மேல் மோதி நொறுங்கின. மோட்டார் கருகிப் புகை வந்தது. கடைசியில் யாரோ ஓடிப்போய், தூரத்து மூலையில் மோட்டார்களுக்குப் போகும் மெயின் சுவிட்சை இறக்கினார்கள். அந்த லைனில் வேலை பார்த்தவர் கிள்ளானைச் சேர்ந்த ஓர் அக்கா, ஐம்பதை நெருங்கியவர். ரிப்போர்ட்டைப் பார்த்தால், பார்சல் சிக்கி ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் ஸ்டாப் பட்டனை அழுத்தியதாக இருந்தது. ஒரு பதிவும் தொலையாத சுத்தமான ரிப்போர்ட். கவனக்குறைவு என்று சொல்லி அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

"நம்ம பெட்டி மேல தப்பில்ல," என்றார் பாஸ், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல. "உள்விசாரணை முடிஞ்சதும் அந்தம்மாவை அனுப்பிருவாங்க. ரிப்போர்ட் கிளீன்."

அவள் ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "காரை எடு," என்றாள்.

"எங்க?"

"கிள்ளானுக்கு. அழுத்தினவங்களைக் கேக்காம ரிப்போர்ட்டைப் படிச்சு என்ன பண்றது?"

அந்த அக்காவின் வீடு அடுக்குமாடியில் நான்காவது தளம். யார் என்று சொன்னதும் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தார். இவள் அதை மடமடவென்று குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, ஸ்டாப் பட்டனை எத்தன தடவ அழுத்துனீங்க?"

"எத்தன தடவயா?" அக்கா விரலைத் தூக்கிக் காட்டினார். "நிக்கவே இல்லம்மா அது. அழுத்தறேன், அழுத்தறேன், ஓடிக்கிட்டே இருக்கு. இந்த வெரலு ரெண்டு நாளு வீங்கிருச்சு. இத யாருமே கேக்கல. ஏன் லேட்டா அழுத்துனேன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க."

கீழே வந்து காரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அக்கா அழுத்தியது அத்தனையும் பதிவாகியிருந்தது. எல்லாமே கண்ணிமைக்கும் நேரத்துக்குள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. எந்த மனிதரின் விரலும் அந்த வேகத்தில் அழுத்த முடியாது.

"யாரோ காக்க வச்சிருக்காங்க," என்றாள்.

நடந்தது இதுதான். கிடங்கின் நெட்வர்க் அன்று திணறியது. படித்ததை அனுப்ப முடியாமல் என் நிரல் நின்றது. பலகை நிரம்பியது. இடத்துக்காகக் கெர்னல் நின்றது. அதற்குப் பின்னால் அக்கா அழுத்திய பட்டனின் செய்திகள் வரிசையில் நின்றன. பெல்ட் மட்டும் நிற்கவில்லை, நிறுத்தச் சொன்னது அதன் காதுக்கே போகவில்லை. இடம் கிடைத்ததும் எல்லாச் செய்திகளும் ஒரே மூச்சில் பதிவாயின. இடம் கிடைத்த நேரமே அழுத்திய நேரமாக விழுந்தது. தாமதித்தது எங்கள் பெட்டி. தாமதித்துவிட்டு, அந்தப் பழியைத் தூக்கி வீங்கிய விரல் மேல் போட்டது.

விசாரணை ஷா ஆலத்தில், கிடங்கின் ஆபீஸ் அறையில். பெட்டி எங்களுடையது என்பதால் பாஸையும் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். நடத்தியவர் ஒரு மலாய் அதிகாரி, நிதானமான மனிதர். பேச்செல்லாம் மலாயில்தான், நான் தமிழில் சொல்கிறேன். பாஸ் ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, எதுவும் தொலையவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று பெருமையாக விளக்கினார். அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பி, அந்த நேரத்தில் பெல்ட்டைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தீர்களா என்று கேட்டார். அக்கா யோசித்தார். ஆமாம் என்று சொல்லித் தொலைங்க அக்கா என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"கொஞ்சம் திரும்புனேன் சார்," என்றார். "பின்னால நின்னவகிட்ட ட்ராலிய தள்ளி வைன்னு சொன்னேன். மறுபடி பாக்கறேன், பார்சல் சாஞ்சிருச்சு. ஒடனே அழுத்துனேன்."

பாஸ் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவள் எழுந்தாள். பையிலிருந்து வயரோடு ஒரு பட்டனை எடுத்து லேப்டாப்பில் மாட்டி, பாஸ் முன்னால் தள்ளினாள்.

"அழுத்துங்க பாஸ். உங்களால முடிஞ்ச வேகத்துல. நிறுத்தாம."

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்கவும் முடியவில்லை. பாஸ் வேர்க்க வேர்க்க அழுத்தினார். அவர் அழுத்தியதையும் அக்கா அழுத்தியதையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டாள். ஒன்று தள்ளித் தள்ளி, இன்னொன்று ஒரே குவியலாக. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இவ்வளவு வேகமா இவங்க எப்படி அழுத்துனாங்க?"

"அழுத்த முடியாது சார். இவங்க முன்னாடியே அழுத்திட்டாங்க. மிஷின்தான் லேட்டா கேட்டுச்சு." பலகை, இடம், காத்திருப்பது எல்லாவற்றையும் எளிமையாகச் சொல்லி முடித்தாள். "காக்க வைக்கற செட்டிங் ஆன்ல இருந்திருக்கு. ஆன் பண்ணினது நான் இல்ல."

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அக்கா தப்பித்துவிட்டார் என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. உட்காரவில்லை.

"ஆனா அதை எழுதினது நான். ஓடற மிஷின்ல போடவே முடியாதபடி பூட்டியிருக்கணும். பூட்டல. வேண்டாம்னு எழுதி மட்டும் வச்சேன். அது என் தப்பு."

ஆன் செய்தது யார் என்று அவள் ஊகம் எதுவும் சொல்லவில்லை. பார்க்காததை அவள் சொல்ல மாட்டாள். செய்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எங்கள் கம்பெனி கிடங்குக்குக் கொடுத்த விளக்கத்தில், வடிவமைத்த பொறியாளர் செய்த தவறு என்று சொன்னார்கள். அவள் வாயிலிருந்து விழுந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதே வாரம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவளைப் பார்த்து நான் கத்தினேன். ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

"உன்னை யாரு கேட்டா? பூட்டுனியா இல்லையான்னு யாராச்சும் கேட்டாங்களா? வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்த அக்காவும் தப்பிச்சிருப்பாங்க, நீயும் தப்பிச்சிருப்பே!"

அவள் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அந்த அக்கா திரும்புனேன்னு சொன்னாங்க, கேட்டேல்ல? வேலை போற நேரம். சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்? அவங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு நான் மட்டும் சுத்தம்னு காட்டணுமா?"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. எல்லோரும் கீழே சாப்பிடப் போய் வழியனுப்பலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். இப்போது பினாங்கில் எங்கேயோ வேலை பார்க்கிறாளாம்.

இங்கே பாஸுக்கு அவள் ஒரு கதையாகிவிட்டாள். புதிய கஸ்டமர் யார் வந்தாலும் அந்தக் கதை உண்டு. போன வாரம் பங்சாரில் ஒரு மீட்டிங். காபி வந்ததும் ஆரம்பித்தார்.

"முன்ன எங்ககிட்ட ஒரு என்ஜினியர் இருந்தாங்க. ஒரு செட்டிங்கைப் பூட்டாம விட்டுட்டாங்க. மோட்டாரே எரிஞ்சு போச்சு. இப்ப அந்த ஆளும் இல்ல, அந்தப் பிரச்சினையும் இல்ல."

கஸ்டமர் சிரித்தார். நான் பலமுறை கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த கதைதான். அன்று முடியவில்லை.

"பூட்டாம விட்டது அவங்க," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அதை அவங்களே சொல்லிட்டாங்க. ஆன் பண்ணினது நீங்க. அதை நீங்க இன்னும் சொல்லல."

கஸ்டமரின் சிரிப்பு நின்றது. பாஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஆபீஸுக்குப் போயி அப்புறமா பேசிக்கலாம் லா."

"வேணாம் பாஸ்," என்றேன். "இப்பவே பேசுவோம்."